ஆட்டோஃபோகஸும் அறைக்குள் வந்த படமும்

கோனிகா என்ற பெயரில் கேமராவும் ஃபிலிமும் விற்றுவந்த ஜப்பானின் கோனிஷிரோகு நிறுவனம், 1970களில் சாதாரணக் குடும்பங்களின் படங்கள் எதனால் கெடுகின்றன என்று ஆராய்ந்தது. முதன்மையான காரணங்கள் இரண்டு: வெளிச்சம் போதாமை, ஃபோகஸ் தவறுதல். முதல் குறைக்கு 1975இல் ஒரு விடை வந்தது. ஃபிளாஷைத் தன் உடலுக்குள்ளேயே வைத்திருந்த கோனிகா சி35 இஎஃப் அது. இரண்டாவதற்கு 1977இல் சி35 ஏஎஃப் வந்தது. பெருமளவில் தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்த முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா இதுதான். கேமரா வரலாறு எழுதுவோர் இதைப் பெரும்பாலும் வசதியின் கதையாகவே சொல்கிறார்கள். முதலில் வெளிச்சத்தை அளக்கும் வேலை மனிதனிடமிருந்து போனது, பிறகு தூரத்தைக் கணிக்கும் வேலை போனது, கடைசியில் பொத்தானை அழுத்துவது மட்டும் மிஞ்சியது என்று. இந்த விளக்கம் பாதி உண்மை என்பதே என் கருத்து. கையடக்க ஆட்டோஃபோகஸ் கேமரா செய்த பெரிய காரியம் சோம்பலுக்கு இடம் கொடுத்தது இல்லை. லென்ஸின் துளையை அகலமாகத் திறக்க அது சாதாரண மனிதருக்கு வழிசெய்தது. அதனால்தான் அறைக்குள்ளும், மாலையிலும், ஒரு முகத்துக்கு அருகிலும் அன்றாடப் படம் சாத்தியமானது. இதை ஏற்றுக்கொண்டால், எந்தக் கேமரா நல்லது, எது வீண்செலவு, இன்று புதிதாக ஒன்றைச் செய்வதானால் எப்படிச் செய்ய வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் வேறு விதமான விடைகள் கிடைக்கும்.

இயந்திரம் தூரத்தை அறிந்த விதத்திலிருந்து தொடங்குவோம். கோனிகாவுக்குள் இருந்தது அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் உருவாக்கிய விசிட்ரானிக் என்ற சிறு தொகுதி. கேமராவின் முகப்பில் இரண்டு சிறு ஜன்னல்கள். அவற்றின் வழியே வரும் இரண்டு பிம்பங்களையும் அது ஒப்பிடும். ஒரு பக்கத்துக் கண்ணாடி அசையாமல் நிற்க, மறுபக்கத்துக் கண்ணாடி திரும்பிக்கொண்டே வரும். இரு பிம்பங்களும் மிகச் சரியாகப் பொருந்தும் கணத்தில் லென்ஸ் நிற்கும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் மனிதக் கண் செய்துவந்த வேலையையே மின்னணு உணரி செய்தது. அது கிடைக்கும் வெளிச்சத்தை நம்பி இயங்கியதால், மங்கலான இடத்திலும் வெறுமையான சுவரின் முன்னும் தடுமாறியது. 1979இல் கேனான் ஏஎஃப்35எம் மாற்று வழியைக் காட்டியது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கற்றையைக் கேமராவே அனுப்பும். சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மற்றொரு கண் அதன் எதிரொளியை வாங்கும். பொருள் கிட்டே இருந்தால் கோணம் பெரிதாகும், தள்ளியிருந்தால் சிறிதாகும். நில அளவையில் பழகிய முக்கோணக் கணக்குதான். இதற்கு இருட்டு ஒரு பொருட்டே இல்லை. இடையில், 1978இல், போலராய்டு தன் உடனடிக் கேமராவில் மீயொலியைப் பயன்படுத்தியதும் உண்டு. ஆனால் சட்டைப்பையில் அடங்கும் 35 மி.மீ. கேமராக்களில் அகச்சிவப்பு முறையே பரவலாக நிலைத்தது. ஏன் நிலைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றாடப் படம் எடுப்பவருக்கு உதவி தேவைப்பட்ட இடம் வெயில் அடிக்கும் வெளி இல்லை. மங்கலான வீட்டு அறை. அங்கே வேலை செய்த முறை வென்றது.

வெயிலில் ஏன் உதவி தேவைப்படவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 35 மி.மீ. லென்ஸை எஃப் 8 என்ற சிறிய துளையில் வைத்து, ஐந்து மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் செய்து, அப்படியே பூட்டிவிட்டால், சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே ஏற்கத்தக்க தெளிவோடு விழும். நகராத லென்ஸ் கொண்ட மலிவு கேமராக்கள் அனைத்தும் இந்த ஒரு உண்மையின் மேல் நின்றவை. வெளிச்சம் தாராளமாக இருக்கும்வரை அவை ஏமாற்றுவதில்லை. சிக்கல் வீட்டுக்குள் நுழைந்ததும் தொடங்குகிறது. கேமராவுக்குள் அடங்கும் சிறு ஃபிளாஷின் வலிமையை, ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு வழிகாட்டி எண் 14 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலக் கையடக்கக் கேமராக்களுக்கு இது பொருத்தமான அளவு. அந்த எண்ணைத் துளையின் எண்ணால் வகுத்தால் ஃபிளாஷ் எட்டும் தூரம் கிடைக்கும். எஃப் 2.8 என்றால் ஐந்து மீட்டர். எஃப் 8 என்றால் ஒன்றே முக்கால் மீட்டர். நெகட்டிவ் ஃபிலிம் ஒரு ஸ்டாப் குறைவை, அதாவது வெளிச்சம் பாதியாவதை, பொறுத்துக்கொள்ளும் என்று சேர்த்துக்கொண்டாலும் இரண்டரை மீட்டரைத் தாண்டாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகராத லென்ஸுக்குத் தெளிவு எங்கே தொடங்குகிறதோ, அங்கேயே அதன் ஃபிளாஷ் முடிந்துவிடுகிறது. துளையைத் திறந்தால் ஃபிளாஷ் எட்டும், ஆனால் தெளிவு சுருங்கும். மூடினால் தெளிவு விரியும், ஆனால் வெளிச்சம் எட்டாது. 1975இன் சி35 இஎஃப் ஃபிளாஷைக் கொடுத்த பிறகும் கோனிகா ஏன் ஓயவில்லை என்பதற்கு இந்த முடிச்சே காரணமாக இருக்க வேண்டும். தூரத்தை உண்மையாக அறிந்த லென்ஸ் ஒன்றுதான் இதை அவிழ்க்கும்.

இந்த இடத்தில் அனுபவமுள்ள புகைப்படக்காரர் ஒருவர் குறுக்கிடக்கூடும். தூரத்தை அறிய இயந்திரம் எதற்கு? கண்ணால் மதிப்பிட்டு லென்ஸ் வளையத்தில் வைத்தால் போதாதா? 1966இன் ரோலை 35 அப்படித்தான் இயங்கியது. 1980இன் ஒலிம்பஸ் எக்ஸ்ஏ2 மூன்றே மண்டலங்களைக் கொடுத்துத் திருப்திப்படுத்தியது. இது வலுவான எதிர்வாதம், அதற்குரிய மதிப்பைக் கொடுத்தே பதில் சொல்ல வேண்டும். நான்கு மீட்டரில் எஃப் 3.5 துளையோடு ஃபிளாஷ் படம் எடுத்தால், 38 மி.மீ. லென்ஸில் ஏறத்தாழ மூன்று மீட்டரிலிருந்து ஐந்தரை மீட்டர் வரை தெளிவு இருக்கும். மதிப்பீடு சற்றுப் பிசகினாலும் ஃபோகஸ் காப்பாற்றிவிடும். ஆனால் அத்தகைய கேமராக்கள் பலவற்றில், வைக்கப்பட்ட தூரத்தைக் கொண்டுதான் ஃபிளாஷுக்கான துளையும் தீர்மானமாகிறது. நான்கு மீட்டரில் நிற்பவரை இரண்டு மீட்டர் என்று நினைத்து வைத்தால், துளை இரண்டு ஸ்டாப் கூடுதலாக மூடிக்கொள்ளும். முகத்துக்குத் தேவையான ஒளியில் கால்பங்குதான் சேரும். தூரக் கணிப்பின் பிழை தெளிவில் ஒருமுறை, வெளிச்சத்தில் ஒருமுறை என இருமுறை தண்டிக்கிறது. ஃபிளாஷ் இல்லாத நேரத்தில் நிலைமை இன்னும் கடுமை. ஒன்றரை மீட்டரில் அமர்ந்திருப்பவரை எஃப் 2.8இல் எடுத்தால், தெளிவின் ஆழம் சுமார் 26 சென்டிமீட்டர், 1.38 மீட்டருக்கும் 1.64 மீட்டருக்கும் இடையில் மட்டும். பயின்ற கண் இதைத் தாண்டிவிடும். கல்யாண வீட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டே படம் எடுக்கும் ஒருவரின் கண் தாண்டாது. தாண்ட வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை. அன்றாடக் கேமராவை அன்றாடக் கைகளை வைத்தே மதிப்பிட வேண்டும்.

அடுத்த எதிர்வாதம் ஃபிலிமின் பக்கத்திலிருந்து வருகிறது. ஃபூஜி 1976இலும் கோடாக் 1977இலும் ஐஎஸ்ஓ 400 வேகமுள்ள வண்ண நெகட்டிவ் ஃபிலிமைக் கொண்டுவந்துவிட்டன. ஃபிலிமே நான்கு மடங்கு வேகமாகிவிட்ட பிறகு, துளையைச் சிறிதாகவே வைத்துக்கொண்டு காரியத்தை முடிக்கலாமே? ஒருமுறை பயன்படுத்தித் திருப்பிக்கொடுக்கும் கேமராக்கள் இந்த யோசனையின் மிகத் தூய்மையான வடிவம். 1986இல் ஃபூஜி தொடங்கிவைத்த அந்த வகையில், பின்னால் நிலைபெற்ற மாதிரிக்கு 32 மி.மீ. லென்ஸ், எஃப் 10 துளை, 1/140 நொடி ஷட்டர். மூன்றும் மாறாதவை. ஃபிளாஷ் இருந்தால் மூன்று மீட்டர் வரை படம் வரும், வெயிலிலும் வரும். ஆனால் எஃப் 10ஐ விட எஃப் 2.8 பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடுகிறது. பகலில் ஜன்னலோரம் 500 லக்ஸ் வெளிச்சம் இருப்பதாகக் கொள்வோம். ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு எஃப் 2.8இல் 1/100 நொடி போதும், கை நடுங்காது. அதே இடத்தில் எஃப் 10க்கு 1/8 நொடி வேண்டும். ஷட்டர் 1/140இலேயே பூட்டிக் கிடக்கும் கேமராவுக்கு அந்தப் படம் கிடையவே கிடையாது. டியூப்லைட் எரியும் அறையில், 100 லக்ஸ் அளவில், எஃப் 2.8க்கு 1/20 நொடி, மேசை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டால் எடுத்துவிடலாம். எஃப் 10க்கு அரை நொடிக்கு மேல். வேகமான ஃபிலிம் ஆட்டோஃபோகஸைத் தேவையற்றதாக்கவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான், ஃபிளாஷே இல்லாமல் வீட்டு வெளிச்சத்தில் படம் எடுப்பது சராசரி மனிதருக்கு எட்டியது. 1983இல் கோடாக் அறிமுகப்படுத்திய டிஎக்ஸ் குறியீடு ஃபிலிமின் வேகத்தைக் கேமராவே படித்துக்கொள்ளச் செய்ததும் இதே வரிசையில் சேரும்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், 1983 முதல் 1997 வரையிலான காலத்தின் நல்ல கேமராக்கள் ஏன் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பது விளங்கும். நிக்கான் எல்35ஏஎஃப், யாஷிகாவின் டி வரிசை, கோனிகா பிக் மினி, 1991இன் ஒலிம்பஸ் மியூ, 1996இன் ரிக்கோ ஜிஆர்1, 1997இன் மியூ-2 எல்லாமே மாறாத ஒரே குவியத்தூரம், 28 முதல் 35 மி.மீ. அளவில் ஒரு லென்ஸ், எஃப் 2.8 அல்லது 3.5 துளை. தயாரித்தவர்கள் தனித்தனி நிறுவனங்கள்; கணக்கு ஒன்று. இதிலிருந்து விலகிப் போன பாதை ஜூம். 1986இல் பெண்டாக்ஸ் 35–70 மி.மீ. லென்ஸோடு முதல் ஜூம் கையடக்கக் கேமராவை விற்றது, சந்தை அதன் பின்னால் ஓடியது. 1990களின் முடிவில் 38–140 மி.மீ. வரை நீளும் லென்ஸ்கள் சட்டைப்பையில் அடங்கின. அதற்கு விலையாக நீள முனையில் துளை எஃப் 11 வரை சுருங்கியது. வாங்குபவர் கண்ணுக்குப் பெரிய எண்ணாகத் தெரிந்தது 140. படத்தைத் தீர்மானித்தது 11. ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில், வழிகாட்டி எண் 14 உள்ள ஃபிளாஷ் அந்த முனையில் 1.3 மீட்டருக்குத்தான் எட்டும். பிறந்தநாள் விழாவில் அறையின் மறுகோடியில் இருக்கும் குழந்தையை நெருங்கிக் காட்டுவதற்காக வாங்கிய ஜூம், அந்த ஒரு காரியத்தைத்தான் செய்ய முடியாமல் நின்றது. ஆட்டோஃபோகஸ் சம்பாதித்துக் கொடுத்த வெளிச்சத்தையெல்லாம் ஜூம் செலவழித்துவிட்டது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. சுற்றுலாவில் தூரத்துக் கோபுரத்தை எடுக்க அது உதவியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வெயிலில் மட்டும் நன்றாக இயங்கும் கேமரா என்ற பழைய இடத்துக்கே அது திரும்பியது, கூடுதல் விலையோடு.

ஆட்டோஃபோகஸ் தவறுவதில்லை என்று யாரும் வாதிட முடியாது. அகச்சிவப்புக் கற்றை கண்ணாடியில் பட்டுத் திரும்பும். பேருந்து ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மலை மங்கி, ஜன்னல் கண்ணாடி மேல் ஃபோகஸ் விழும். கறுப்புத் துணி அந்த ஒளியை விழுங்கிவிடும். கற்றை ஒன்றே ஒன்று, சட்டத்தின் நடுவில் மட்டும் பாய்வது என்றால், இருவர் தோளோடு தோள் சேராமல் நிற்கும்போது நடுவிலுள்ள இடைவெளி வழியே போய்ப் பின்சுவரில் விழும். முகங்கள் இரண்டும் மங்கிய படம் லேபிலிருந்து வரும். பின்னாளில் மூன்று கற்றைகளும் அதற்கு மேலும் அனுப்பும் கேமராக்கள் வந்து இந்தக் குறையைப் பெரிதும் குறைத்தன. எளிய மருந்து முன்பே இருந்தது: பொத்தானைப் பாதி அழுத்தி முகத்தின் மேல் ஃபோகஸைப் பூட்டி, பிறகு சட்டத்தை நகர்த்திக்கொள்வது. இது கையேட்டில் எழுதியிருந்தது. கையேட்டைப் படித்தவர்கள் குறைவு. உண்மையான குறை வேறொன்று என்று நினைக்கிறேன். பல கேமராக்களில் வ்யூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும். ஃபோகஸ் பூட்டப்பட்டது என்று அது சொல்லும். எங்கே பூட்டப்பட்டது என்று சொல்லாது. எடுத்தவருக்குத் தன் தவறு தெரிய ஃபிலிம் முழுவதும் முடிந்து, கழுவி, பிரிண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும். தவறும் திருத்தமும் அவ்வளவு தூரத்தில் இருந்தால் கற்றுக்கொள்வது கடினம். இயந்திரத்தின் துல்லியத்தைக் கூட்டுவதற்குச் செலவான உழைப்பில் ஒரு பங்கையாவது, அது என்ன நினைக்கிறது என்பதைப் பயனருக்குக் காட்டுவதில் செலவிட்டிருக்க வேண்டும்.

இதைவிட ஆழமான ஆட்சேபம் கலையின் பெயரால் எழுப்பப்படுகிறது. முடிவுகளைக் கேமரா எடுத்தால் படம் யாருடையது? ஃபிலிமை இன்று தேர்ந்தெடுப்பவர்கள் கையால் செய்வதன் நிறைவுக்காகத்தான் வருகிறார்கள்; அவர்களுக்கு ஆட்டோஃபோகஸ் கொடுப்பது நோக்கத்தையே கெடுப்பதாகாதா? இதற்குப் பதில் சொல்ல ஜப்பானிலேயே ஒரு சான்று உண்டு. 1995இல் கேனான் நிறுவனத்தின் புதிய புகைப்படக்காரர்களுக்கான போட்டியில் பரிசு வாங்கி அறிமுகமான ஹிரோமிக்ஸ், தன் பதின்வயது வாழ்க்கையை எடுத்தது கோனிகா பிக் மினியில். தோழிகள், அறை, உணவு, தன் முகம், தெரு எல்லாம் கை எட்டும் தூரத்தில். 2001இல் புகைப்படத்துக்கான கிமுரா இஹெய் விருது அவருக்கும் யூரியே நாகாஷிமா, மிகா நினகாவா ஆகியோருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. தன் அறையில் தன்னைத்தானே ஒரு கையால் எடுக்கும் படத்துக்கு ஃபோகஸ் வளையம் பயன்படாது. மறு கை வேண்டும், கண்ணும் வேண்டும். அந்தப் படங்களைச் சாத்தியமாக்கியதே தூரத்தைத் தானாக அறிந்த கேமராதான். தெருப் புகைப்படத்தில் பெயர் பெற்ற டைடோ மோரியாமா பல ஆண்டுகள் ரிக்கோவின் ஜிஆர் வரிசையை வைத்துக்கொண்டு அலைந்தார். ஃபோகஸை ஏறத்தாழ இரண்டு மீட்டரில் நிறுத்திவைக்கும் ஸ்னாப் நிலை ஒன்று அந்தக் கேமராக்களில் இருப்பதை எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டலாம். சரிதான். நல்ல வடிவமைப்பாளர் ஆட்டோஃபோகஸை வற்புறுத்துவதில்லை, வேண்டாதபோது ஒதுக்கிவைக்கும் வழியையும் தருகிறார். ஆனால் எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது, எதைச் சட்டத்துக்கு வெளியே விடுவது என்ற முடிவுகள் எந்தக் கேமராவிலும் மனிதனிடமே இருக்கின்றன. தூரத்தை மீட்டரில் சொல்லும் வேலை அவற்றில் சேராது. ஃபிலிமைத் தேர்ந்தெடுப்பவர் நெகட்டிவையும், முப்பத்தாறு சட்டங்கள் என்ற எல்லையையும், காத்திருப்பையும் தேர்ந்தெடுக்கிறார். கையால் ஃபோகஸ் செய்வது அவற்றோடு கட்டாயமாக ஒட்டிவரும் நிபந்தனை ஆகாது.

இந்தியாவில் இந்தக் கதை வேறு மாதிரி நடந்தது, அது என் வாதத்துக்கு எதிர்ப்பக்கத்துச் சான்றாக அமைகிறது. இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் இருந்த காலத்தில் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியவை பெரும்பாலும் ஃபோகஸ் மாறாத கேமராக்கள்: முதலில் ஆக்ஃபா கிளிக் 3, பிறகு ஹாட் ஷாட், யாஷிகா எம்எஃப்-2, 1990களில் கோடாக் கேபி10. ஆட்டோஃபோகஸ் கேமரா பலருக்கு வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினரின் பெட்டியில்தான் வந்தது. நகராத லென்ஸ் நம் குடும்ப ஆல்பங்களின் வடிவத்தையே ஓரளவு தீர்மானித்திருக்கிறது. வாசலில் அல்லது மொட்டை மாடியில், சூரியன் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க, மூன்று மீட்டர் தள்ளி வரிசையாக நிற்கும் குடும்பம். ஸ்டுடியோவில் விறைத்து நின்று பழகிய மரபுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் கேமராவும் அதையேதான் கேட்டது: வெளியே வா, வெயிலில் நில், கிட்டே வராதே. சமையலறையில் வேலையாக இருக்கும் அம்மாவின் முகமோ, மாலையில் திண்ணையில் படித்துக்கொண்டிருக்கும் தாத்தாவின் கைகளோ அந்த ஆல்பங்களில் அபூர்வம். அப்படிப்பட்ட படங்களை யாரும் எடுக்க விரும்பவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், கையிலிருந்த கருவிக்கு அவற்றை எடுக்கும் திறன் இருந்ததா என்று கேட்க வேண்டும். நான் மேலே போட்ட கணக்குகளின்படி, இல்லை. மலிவு கேமராக்கள் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு முதல் படத்தைக் கொடுத்தன என்பது பெரிய விஷயம். அவை கொடுக்க முடியாமல் போன படங்களையும் சேர்த்து நினைப்பது அவற்றுக்கு இழைக்கும் அநீதி ஆகாது.

இன்று பழைய கேமரா தேடுபவருக்கு முதல் தடை விலை. 1990களின் தொடக்கத்தில் டைட்டேனியம் உடலும் 38 மி.மீ. சோன்னார் லென்ஸுமாக வந்த கான்டாக்ஸ் டி2, 2017இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மாடல் கெண்டல் ஜென்னர் அதைப் பற்றிப் பேசியதற்குப் பிறகு ஏறிய ஏற்றத்தில் ஆயிரம் டாலரைத் தாண்டியது. லென்ஸ் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்றாடக் கேமராவின் தகுதி, அதைத் தினமும் கவலையில்லாமல் வெளியே எடுத்துப்போவதில் இருக்கிறது. ஆயிரம் டாலர் பொருள் அலமாரியில்தான் தூங்கும். மியூ-2இன் எஃப் 2.8 லென்ஸும் 35 சென்டிமீட்டர் வரை நெருங்கும் திறனும், தூறலைத் தாங்கும் உடலும் இந்தக் கட்டுரையில் நான் கேட்கும் ஏறக்குறைய எல்லாவற்றையும் தருகின்றன, அதன் விலையும் இப்போது அதன் எளிமைக்குப் பொருந்தாமல் ஏறிவிட்டது. பெயர் பெறாத, ஜூம் இல்லாத, எஃப் 3.5 அளவு லென்ஸுள்ள ஒரு கேமராவே இன்றைய அறிவான தேர்வு என்பேன். ஒவ்வொரு சட்டமும் காசாகிவிட்ட நாளில் ஃபோகஸ் தவறிய படங்கள் முன்னைவிட அதிகம் உறுத்துகின்றன. ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் இன்று உற்பத்தி இல்லை. நாம் வாங்கும் ஒவ்வொரு ரோலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. மலிவாக இருக்கிறதே என்று நகராத லென்ஸ் கேமராவை வாங்கி, வீட்டுக்குள் பாதி ரோலை வீணாக்குபவர் சில மாதங்களில் அந்த லாபத்தை ஃபிலிமாகவே இழந்துவிடுவார்.

விலையைவிடக் கடினமான தடை பழுது. இந்தக் கேமராக்களை எதிர்ப்பவர்களிடம் உள்ள மிக வலுவான வாதம் இதுதான், இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. 1960களின் இயந்திரக் கேமராவை ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் உள்ள ஒருவர் திறந்து சரிசெய்துவிடுவார். ஆட்டோஃபோகஸ் கேமராவின் உயிர் மெல்லிய வளையும் மின்சுற்றிலும், அதற்கென்றே செய்யப்பட்ட சில்லிலும், நகத்தளவு மோட்டாரிலும் இருக்கிறது. அவற்றைச் செய்த நிறுவனங்களில் பல களத்திலேயே இல்லை. யாஷிகா, கான்டாக்ஸ் கேமராக்களைத் தயாரித்த கியோசெரா 2005இல் அத்தொழிலைக் கைவிட்டது. கோனிகாவும் மினோல்டாவும் இணைந்து உருவான நிறுவனம் 2006இல் வெளியேறியது. உதிரிபாகம் வேண்டுமானால் இன்னொரு கேமராவைக் கொல்ல வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் உலகில் இயங்கும் ஆட்டோஃபோகஸ் கேமராக்களின் தொகை குறைந்துகொண்டே போகும். பழையதை வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும், கடையில் வைத்தே சோதிக்கவும் வேண்டும். பாதி அழுத்தத்தில் பூட்டு பிடிக்கிறதா, கிட்டே உள்ள பொருளுக்கும் தூரத்துப் பொருளுக்கும் லென்ஸ் வேறு வேறு அளவு நகர்கிறதா, ஃபிளாஷ் சக்தியேற எவ்வளவு நேரமாகிறது என்று. ஆனால் பழுதுபார்க்க முடியாமை ஆட்டோஃபோகஸின் இயல்பு என்று நான் ஏற்கவில்லை. உதிரிபாகங்களைப் பிரித்து மாற்றும்படி வடிவமைக்காததும், வரைபடங்களை வெளியிடாததும் அன்றைய தொழில் முடிவுகள். வேறு விதமாக முடிவெடுக்க இன்றும் இடம் இருக்கிறது.

அப்படி முடிவெடுக்கும் வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது. 2022 டிசம்பரில் ஃபிலிம் கேமராத் திட்டத்தை அறிவித்த பெண்டாக்ஸ், 2024இல் பெண்டாக்ஸ் 17 என்ற அரைச்சட்டக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 25 மி.மீ., எஃப் 3.5 லென்ஸ், கையால் சுற்றும் நெம்புகோல், ஆறு மண்டலங்களில் கையால் வைக்கும் ஃபோகஸ். ஆட்டோஃபோகஸ் கிடையாது. அரைச்சட்டத்தின் சிறிய லென்ஸுக்குத் தெளிவின் ஆழம் இயல்பாகவே கூடுதல் என்பதால் மண்டல முறை அங்கே ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. முழுச்சட்டத்தில் அதே ஏற்பாடு இவ்வளவு பெருந்தன்மையாக இருக்காது. அதே ஆண்டு ஹாங்காங்கின் மின்ட் நிறுவனம் ரோலை 35ஏஎஃப் கேமராவை வெளியிட்டது. முழுச்சட்டம், எஃப் 2.8 லென்ஸ், லைடார் முறையில் ஃபோகஸ்: ஒளியை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு தூரத்தை அறிவது. 1979இன் கேனான் செய்ததன் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம், ஆனால் உதிரிபாகம் இன்றைய மின்னணுச் சந்தையில் கிடைப்பது. இதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. அன்றைக்கு ஹனிவெல் போன்ற ஒரு நிறுவனம் காப்புரிமையோடு விற்ற தொகுதி தேவைப்பட்டது; ஹனிவெல்லின் ஆட்டோஃபோகஸ் காப்புரிமைகளுக்காக மினோல்டா 1992இல் 12 கோடி டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. இன்றைக்குத் தூரம் அளக்கும் உணரி கைப்பேசியிலும் தரையைத் துடைக்கும் இயந்திரத்திலும் இருக்கும் சாதாரணப் பொருள். சிறு நிறுவனமும் வாங்கிப் பொருத்தலாம். ரோலையின் விலை இன்னும் அன்றாடக் கைகளுக்கு எட்டவில்லை என்பது அடுத்து வருபவர்கள் தீர்க்க வேண்டிய கணக்கு. அப்படி ஒன்றைச் செய்ய முனைபவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. ஜூம் வேண்டாம், எஃப் 3.5க்குக் குறையாத வெளிச்சமுள்ள ஒரே லென்ஸ் போதும். பாதி அழுத்தத்தில் பூட்டிய தூரத்தை வ்யூஃபைண்டரில் மீட்டரில் காட்டட்டும். எண் கண்ணில் பட்டால் பின்சுவரில் ஃபோகஸ் விழுந்ததை அந்தக் கணத்திலேயே திருத்திக்கொள்ளலாம். மோட்டாரும் மின்சுற்றும் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் கழற்றி மாற்றக்கூடியவையாக இருக்கட்டும். மியூ-2இல் மூடியைச் சாத்திவிட்டு மறுபடி திறந்தால் ஃபிளாஷ் தானாக எரியும் நிலைக்கே திரும்பிவிடும், ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டும், எஃப் 2.8 லென்ஸை வாங்கியவருக்கு ஜன்னல் வெளிச்சம் கிடைக்காமல் போவது அங்கேதான். புதிய கேமரா, பயனர் கடைசியாக வைத்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.